தழும்புக்கு விசா இல்லை

மட்டக்களப்பிலிருந்து ஏ-4 வீதியில் தெற்கே வந்தால், பெரியநீலாவணைக்குப் பிறகு எந்த ஊர் எங்கே முடிகிறது என்பது வெளியூர்க்காரருக்குப் பிடிபடாது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என்று வீடும் கடையும் பள்ளிவாசலும் கோயிலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போகின்றன. கிழக்கே நடை தூரத்தில் கடல். மேற்கே வளவுகள் முடிந்ததும் வேளாண்மை. நெல்லையும் மீனையும் மருதமுனைத் தறியையும் நம்பியிருந்த இந்தக் கரை, கடந்த நான்கைந்து தசாப்தங்களாக மத்திய கிழக்கையும் நம்பியிருக்கிறது. வீதியோரப் பலகைகளை வாசித்துக்கொண்டு போனாலே அது விளங்கும். ஹஜ், உம்றா ஏற்பாடுகள் ஒரு பலகையில். சவூதி, கட்டார், குவைத் வேலைவாய்ப்புகள் அடுத்த பலகையில். பக்கத்திலேயே கடவுச்சீட்டுப் படம் எடுக்கும் ஸ்டூடியோ, போட்டோக்கொப்பிக் கடை, லெமினேட் மெஷின். வெளிநாட்டுப் பயணம் இங்கே தாள்களில்தான் ஆரம்பமாகிறது. கடவுச்சீட்டு, பொலிஸ் அறிக்கை, 1985-ஆம் ஆண்டின் 21-ஆம் இலக்கச் சட்டத்தால் உண்டான வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் பதிவு, பெண்ணென்றால் 2013 முதல் பல ஆண்டுகள் குடும்பப் பின்னணி அறிக்கை. இவை எல்லாம் அலைந்து திரிந்தால் கிடைப்பவை. அலைந்தும் கிடைக்காத ஒரு தாள் உண்டு. தொற்றுநோய் ஒன்று வந்து, மருந்தெடுத்து, முழுமையாகக் குணமான ஒருவர் தாம் குணமானவர் என்பதை வேறொரு நாட்டுக்கு நிரூபிக்கும் தாள் அது. காசநோய் விஷயத்தில், இந்தக் கரையிலிருந்து வளைகுடாவுக்குப் போகிறவருக்கு அப்படியொரு தாள் இல்லை. கொடுத்தாலும் பார்க்க ஆளில்லை. அது இருக்கவேண்டும், பார்க்கப்படவும் வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

கல்முனையிலிருந்து கட்டுநாயக்கவுக்கு ஓர் இரவு பஸ் பயணம். ஆனால் தொழிலாளி ஒருவருக்கு உண்மையான எல்லைச் சாவடி விமான நிலையத்தில் இல்லை. அங்கே விமானக் கம்பனியின் ஆள் கடவுச்சீட்டையும் விசாவையும் பார்த்துவிட்டுப் பெட்டியை நிறுக்கிறார், அவ்வளவுதான். முடிவு அதற்கு வாரக்கணக்கில் முன்னரே, ‘மெடிக்கல்’ என்று ஊரில் எல்லோரும் சொல்லும் பரிசோதனையில் எடுக்கப்பட்டுவிடுகிறது. முன்பு ‘கம்கா’ என்றும் இப்போது ‘வாஃபித்’ என்றும் வழங்கும் ஏற்பாட்டின் கீழ், வளைகுடா ஒத்துழைப்பு நாடுகள் அங்கீகரித்த மருத்துவ நிலையம் ஒன்று ஒன்லைனில் ஒதுக்கப்படும். கட்டாருக்கென்றால் 2018-இல் கொழும்பில் திறந்த விசா நிலையத்திலேயே பரிசோதனை. இரத்தம், சிறுநீர், மார்பு எக்ஸ்-ரே. இரத்தத்தில் எயிட்ஸ் வைரஸும் ஈரல் அழற்சி வைரஸ்களும் தேடப்படுகின்றன, எக்ஸ்-ரேயில் காசநோய். முடிவு ‘ஃபிட்’ அல்லது ‘அன்ஃபிட்’ என்று ஒற்றைச் சொல்லாகக் கணினியில் ஏறிவிடும். அந்நாடுகளின் விதி இயங்கிக்கொண்டிருக்கும் காசநோயோடு நின்றுவிடுவதில்லை. நுரையீரலில் தெரியும் பழைய காசநோயின் தடயத்தையும் அது தகுதியின்மையாகவே எடுத்துக்கொள்கிறது. பத்து வருடத்துக்கு முன் வந்துபோன நோயும் நேற்றுப் பிடித்த நோயும் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் ஒன்றாகிவிடுகின்றன.

அந்தத் தடயம் என்னவென்று கொஞ்சம் கிட்டப் பார்க்கவேண்டும். எக்ஸ்-ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தால், காரை எலும்புக்குக் கீழே, நுரையீரலின் மேற்பகுதியில், கறுப்பின் நடுவே மெல்லிய வெள்ளைக் கோடுகள் சில இருக்கும். சில சமயம் கடுகளவு சுண்ணாம்புப் புள்ளி ஒன்றும் இருக்கும். கிருமியோடு உடம்பு போராடிய இடம் ஆறி இறுகிய அடையாளம் அது. காசநோய்க்கான வழமையான சிகிச்சை ஆறு மாதம்: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், பிந்திய நான்கு மாதம் இரண்டு. இலங்கையில் இது முற்றிலும் இலவசம். அம்பாறை மாவட்டத்துக்குள்ளேயே கல்முனைக்கெனத் தனிச் சுகாதாரப் பிராந்தியம் உண்டு. 25 மாவட்டங்கள் உள்ள நாட்டில் 26-ஆவது பிராந்தியம் என்பது அதன் சிறப்பு. மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் நோயாளிக்கு ஒரு சிகிச்சை அட்டை போடப்படுகிறது. எந்த மருந்து, எந்தத் திகதி, யார் முன்னிலையில் விழுங்கினார், எந்த மாதச் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்பதெல்லாம் அந்த அட்டையில் ஏறுகின்றன. கடைசி மாதத்திலும், அதற்கு முன் ஒரு தடவையாவது சளியில் கிருமி காணப்படாவிட்டால், உலக சுகாதார ஸ்தாபனம் நெடுங்காலம் வைத்திருந்த இலக்கணப்படி அவர் ‘குணமானவர்’. அவரால் இன்னொருவருக்கு நோய் தொற்றாது. கோடு மட்டும் அப்படியே நிற்கும். பெரும்பாலும் ஆயுள் முழுவதும். ஆறு மாதம் ஒழுங்காக மருந்தெடுத்ததற்கு அரசாங்கம் தரும் சான்று அட்டையில் இருக்கிறது. எல்லை பார்ப்பதோ படத்தை மட்டும்.

இதை மற்ற நோய்களோடு வைத்துப் பார்த்தால் வேடிக்கை விளங்கும். கொப்புளிப்பான் வந்த ஒருவரை விமானக் கம்பனி ஏற்றாது, அது நியாயம். ஆனால் புதிதாகக் கொப்புளம் போடுவது நின்று, இருப்பதெல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டிவிட்டது என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தால் ஏற்றும். பொருக்கு உதிர்ந்து கன்னத்தில் குழி விழுந்திருந்தாலும் அதை யாரும் கேட்கமாட்டார்கள். முகத்தில் தழும்போடு விமானம் ஏறலாம். நுரையீரலில் தழும்போடு ஏற முடியாது. பெரியம்மைக் காலத்திலோ நிலைமை இன்னும் தலைகீழ். 1951-இல் உலக சுகாதார ஸ்தாபனம் ஏற்றுக்கொண்ட சர்வதேச விதிகள், ஒருவருக்கு முன்னரே பெரியம்மை கண்டிருந்தால் அதைத் தடுப்பூசிக்கு நிகரான பாதுகாப்பாகவே எண்ணின. முகத்து வடுவே அன்று ஒரு கடவுச்சீட்டு. அதற்கும் முன்னே, 1865-இல் மக்காவில் கொலரா பரவிப் பல்லாயிரம் யாத்திரிகர்கள் மாண்டபின், செங்கடலின் கமரான் தீவில் ஒரு தடுப்பு முகாம் எழுந்தது. நம் பக்கத்துக் கடல்களிலிருந்து கப்பலில் ஹஜ்ஜுக்குப் போனவர்கள் அங்கே இறங்கி நாட்களை எண்ணிக்கொண்டு கிடந்தார்கள். கொடுமையான இடமென்றுதான் அதைப் பற்றிய பதிவுகள் பேசுகின்றன. ஆனாலும் அந்த நாட்களுக்கு ஓர் எண்ணிக்கை இருந்தது, எண்ணி முடிந்தால் ஜித்தாவுக்குக் கப்பல் இருந்தது. காசநோய்த் தழும்புக்கு விதித்திருக்கும் காத்திருப்புக்கு எண்ணிக்கையே கிடையாது.

கொவிட் காலம் இந்த வாதத்துக்கு மிகப் பெரிய சான்று. 2020 ஏப்ரல் மாதத்தில், நோய் வந்து குணமானதை வைத்துச் சான்றிதழ் கொடுக்கவேண்டாம், அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் எச்சரித்தது. ஓராண்டு கழிவதற்குள் உலகம் அதைத்தான் செய்தது. குணமாகி வாரக்கணக்கான பிறகும் பி.சி.ஆர். பரிசோதனை சிலருக்கு ‘பொசிட்டிவ்’ காட்டிக்கொண்டே இருந்தது. செத்துப்போன வைரஸின் துணுக்குகள் மூக்கில் மிஞ்சியிருந்ததே காரணம். அதை ஏற்று, 2021 ஜனவரியில் அமெரிக்கா ஒரு வழி திறந்தது: முந்திய 90 நாட்களுக்குள் தொற்று இருந்ததற்கான அறிக்கையும், பயணம் செய்யலாமென்ற வைத்தியரின் கடிதமும் இருந்தால், ‘நெகட்டிவ்’ முடிவு இல்லாமலே விமானம் ஏறலாம். அதே ஆண்டு ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் தன் டிஜிட்டல் சான்றிதழில் ‘குணமானவர்’ என்று தனி வகையே வைத்தது. பரிசோதனையிலிருந்து 11-ஆம் நாள் தொடங்கி 180 நாள் வரை அது செல்லுபடி. இந்தக் கரையினர் கவனிக்கவேண்டியது சவூதியை. 2021 ரமழானில் உம்றாவுக்கு அனுமதி பெறத் தகுதியானவர்களென்று அது மூன்று வகையினரைச் சொன்னது. இரண்டு தடுப்பூசி பெற்றவர், ஒன்றைப் பெற்று 14 நாள் கழிந்தவர், தொற்று வந்து குணமானவர். ‘தவக்கல்னா’ செயலியில் பச்சை காட்டினால் போதும். மிச்சம் வேறு, நோய் வேறு என்ற அறிவு அந்த நாட்டிடம் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஒரு நோய்க்கு ஓராண்டில் வழி கண்டவர்கள், நூற்றாண்டாக அறிந்த இன்னொரு நோய்க்குக் காணவில்லை. விமானங்கள் நின்றால் வியாபாரிக்கும் சுற்றுலாப் பயணிக்கும் யாத்திரிகருக்கும் ஒருசேர நட்டம். வழி தானாகப் பிறந்தது. சாய்ந்தமருதிலிருந்து சாரதி வேலைக்குப் புறப்பட்ட ஒருவர் நின்றுபோனால், ஏஜென்சி அடுத்த பெயரை எடுத்துக்கொள்ளும்.

இதற்கு முதல் மறுப்பு வைத்தியர்களிடமிருந்தே வரும். கொவிட்டையும் பெரியம்மையையும் காசநோயோடு சேர்க்கக்கூடாது, அவை ஒருமுறை வந்தால் ஏதோ அளவு எதிர்ப்புச் சக்தி மிஞ்சும், காசநோய் அப்படியல்ல, மீண்டும் தலை தூக்கலாம் என்பார்கள். சரியான மறுப்பு. தழும்பு எதிர்ப்புச் சக்திக்கு அடையாளம் என்று நான் சொல்லவரவில்லை. தொற்றுக்கு அது அடையாளமல்ல என்பது மட்டுமே வாதம். முறையாக மருந்தை முடித்தவர்களிலும் சிலருக்கு நோய் திரும்புவது உண்மை. அப்படித் திரும்புவதும் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள். அதுவே காலக்கெடு ஒன்றுக்கு நியாயம் தருகிறது. இரண்டாண்டு பொறு, அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டு என்று விதிக்கலாம். ஆயுள் தடைக்கு அது நியாயமாகாது. இன்னொன்று. மருந்தே எடுக்காமல் தானாக ஆறிய தழும்புக்குள் கிருமி உறங்கும் வாய்ப்பு அதிகம். மருந்தை முடித்தவரின் தழும்பு அத்தகையதல்ல. எக்ஸ்-ரே இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது. பிரித்துக் காட்டுவது சிகிச்சை அட்டையும் சளிப் பரிசோதனையும்தான். ஆகவே மருத்துவக் கவலை எவ்வளவு உண்மையானதோ, அவ்வளவுக்கு அட்டையைக் கேட்பதும் அவசியமாகிறது.

அடுத்ததாக, தொழிலாளர் முகாமில் ஓர் அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர் படுக்கிறார்கள், ஒருவருக்கு நோய் இருந்தால் அத்தனை பேருக்கும் ஆபத்து, ஆகையால் கடுமை வேண்டும் என்பார்கள். அடுக்குக் கட்டிலும் திறக்காத ஜன்னலும் யாருடைய ஏற்பாடு என்று திருப்பிக் கேட்கலாம், அதை விடுவோம். உலக மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவரின் உடம்பில் காசநோய்க் கிருமி உறங்கிக் கிடக்கிறது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீடு. அவர்களில் பெரும்பாலோரின் எக்ஸ்-ரே துப்புரவாக இருக்கும். ‘ஃபிட்’ அடித்து அனுப்பப்படுகிறார்கள். அவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு வாழ்நாளில் ஒருநாள் நோய் வெளிப்படும். வெயிலிலும் அலுப்பிலும் அரைச் சாப்பாட்டிலும் அது முந்தி வரலாம். தழும்புள்ளவரைத் தடுத்துவிட்டதால் முகாம் பாதுகாப்பாகிவிட்டது என்று நினைப்பது, முன்கதவைப் பூட்டிவிட்டுப் பின்வேலி இல்லாத வளவில் நிம்மதியாகத் தூங்குவது போல. இருமல் வந்தவுடன் வேலை போய்விடுமென்று அஞ்சாமல் வைத்தியரிடம் போகும் நிலைமை அங்கே இருந்தால், அதுவே முகாமைக் காக்கும்.

ஒவ்வொரு நாட்டுக்கும் தன் எல்லைக்குள் யாரை விடுவதென்று தீர்மானிக்கும் உரிமை உள்ளது என்பது அசைக்க முடியாத மறுப்பு போலத் தோன்றும். 2007 ஜூன் 15 முதல் நடைமுறையில் உள்ள சர்வதேச சுகாதார ஒழுங்குவிதிகளும், வதிவிடம் கேட்டு வருபவரை மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த நாடுகளுக்கு இடம் கொடுக்கின்றன. அந்த உரிமையை மறுப்பதற்கில்லை. ஆனால் அதே உரிமையை வைத்துக்கொண்டு மற்ற நாடுகள் என்ன செய்கின்றன? பிரித்தானியாவுக்கு ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போகும் இலங்கையருக்கும் எக்ஸ்-ரே உண்டு. படத்தில் கோடு தெரிந்தால் கதவு சாத்தப்படுவதில்லை. மூன்று சளி மாதிரிகள் கேட்கிறார்கள், அவற்றில் கிருமி வளர்கிறதா என்று எட்டு வாரம் வரை பார்க்கிறார்கள், வளராவிட்டால் சான்றிதழ் கொடுக்கிறார்கள். அவுஸ்திரேலியா, வந்திறங்கியபின் மார்புச் சிகிச்சை நிலையத்தில் காட்டுவேன் என்று உறுதிமொழி எழுதி வாங்கிக்கொண்டு விடுகிறது. வளைகுடாவுக்குள்ளேயும் உதாரணம் இருக்கிறது. 2016-இல் ஐக்கிய அரபு இராச்சியம் விதியைத் திருத்தி, ஏற்கெனவே அங்கிருந்து விசா புதுப்பிக்க வருபவரிடம் காசநோயோ தழும்போ கண்டால் நாடு கடத்தாமல், சிகிச்சைக்கும் கண்காணிப்புக்கும் உட்பட்டு ஓராண்டு வதிவிடம் கொடுக்க வழி செய்தது. துபாயில் இருப்பவரின் தழும்பைக் கண்காணிக்க முடியுமென்றால், அக்கரைப்பற்றிலிருந்து வரப்போகிறவரின் தழும்பை ஏன் முடியாது என்பதற்கு மருத்துவத்தில் பதில் இல்லை. எட்டு வாரக் காத்திருப்புக்கும் பரிசோதனைச் செலவுக்கும் யார் பொறுப்பு என்பதுதான் உண்மையில் நிற்கும் கேள்வி. கடன்பட்டு ஏஜென்சிக்குப் பணம் கட்டியவருக்கு எட்டு வாரம் பெரிய காலம்தான். ஆனாலும் ஆயுளோடு பார்த்தால் சின்னது.

போலித் தாள் வரும் என்ற பயத்தை நான் இலேசாக எடுக்கவில்லை. கொவிட் காலத்தில் பணம் கொடுத்து வாங்கிய பி.சி.ஆர். முடிவுகள் பல நாடுகளில் பிடிபட்டன. சிகிச்சை அட்டையையும் யாராவது அச்சடிப்பார்கள். ஆனால் இலங்கையில் காசநோய் கட்டாயம் அறிவிக்கவேண்டிய நோய். ஆண்டுக்குச் சில ஆயிரம் நோயாளிகள் காசநோய்க் கட்டுப்பாட்டுக்கான தேசிய நிகழ்ச்சித்திட்டத்தின் பதிவேட்டில் ஏறுகிறார்கள். கையில் உள்ள அட்டையைப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, கியூ.ஆர். குறியீட்டோடு ஒரு சான்று வழங்க இந்தத் தொகை பெரிதல்ல. கொவிட் தடுப்பூசிக்கு இதே நாடு இதைவிடப் பல மடங்கு பேருக்கு டிஜிட்டல் சான்று கொடுத்தது. இப்போதைய விதியோ நேர்மையானவரைத்தான் அதிகம் தண்டிக்கிறது. இருமலோடு மார்புச் சிகிச்சை நிலையத்துக்குப் போய்ப் பெயரைப் பதிந்தால் வெளிநாட்டு வழி அடைபடும் என்ற எண்ணம் பரவிய ஊரில், வைத்தியரிடம் போவதைத் தள்ளிப்போடுவது புத்திசாலித்தனமாகத் தெரியும். நோயை மறைத்து மருந்துக் கடையில் இருமல் பாணி வாங்கிக் குடிப்பவர் வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் கொடுக்கிறார், நோயை. காசநோயைக் கண்டுபிடிக்கப் போட்ட விதி, காசநோயை ஒளிக்கக் கற்றுக்கொடுக்கிறது.

சுகாதார விதி என்று அச்சடித்து வந்தால் அது விஞ்ஞானமாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை இந்தக் கரையில் மிச்சமில்லை, அதற்குக் காரணமும் உண்டு. கொவிட்டால் இறந்தவரை அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லியிருக்க, 2020 ஏப்ரல் 11-இல் வந்த வர்த்தமானி எல்லா ஜனாஸாக்களையும் எரிக்கச் சொன்னது. 2021 பெப்ரவரி இறுதியில்தான் அது திருத்தப்பட்டது; மார்ச் மாதம் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கியது; 2024-இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. ஆதாரமில்லாத விதி எவ்வளவு வலிமையாக நின்றாலும் திருத்த முடியும் என்பதற்கும் அதுவே உதாரணம். வளைகுடா விதியைத் திருத்தக் கேட்கும் தகுதி இலங்கைக்கு இருக்கிறதா என்றால், இந்த ஒரு விஷயத்தில் இருக்கிறது. 2013-இல் தேசிய இடம்பெயர்வுச் சுகாதாரக் கொள்கையை வெளியிட்ட இந்த நாடு, நீண்ட கால வதிவிட விசாவுக்கு வரும் வெளிநாட்டவரைக் காசநோய் உட்பட நான்கு நோய்களுக்குப் பரிசோதிக்கிறது. நோயுள்ளவரை விரட்டுவதற்காக அல்லாமல், இங்குள்ள வைத்தியசாலையோடு இணைத்துவிடுவதற்காகவே அந்த ஏற்பாடு. தொழில் ஒப்பந்தங்கள் புதுப்பிக்கப்படும்போது சம்பளமும் விடுமுறையும் பேசப்படுகின்றன. அந்த மேசையில் மூன்று சளி மாதிரி, எட்டு வாரம், பதிவேட்டுச் சான்று, பரிசோதனைச் செலவு வேலைகொள்வோர் பொறுப்பு என்று நான்கு வரிகளைச் சேர்க்க வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கும் சுகாதார அமைச்சுக்கும் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.